பருவம் வராத பையனுக்கு எது சரி: டெஸ்டோஸ்டிரோனா, எச்.சி.ஜி.யா, பம்ப்பா?

எனக்கு அடிக்கடி வரும் கேள்விகள் இரண்டு. ஒன்று அம்மாக்கள் கேட்பது: "பையனுக்கு 15 முடிந்துவிட்டது. குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம் என்கிறார். அதைப் போட்டால் பின்னால் குழந்தை பிறக்காதாமே?" இன்னொன்று கல்யாணம் ஆன, அல்லது ஆகப்போகிற ஆண்கள் கேட்பது: "பத்து வருஷமாக டெஸ்டோஸ்டிரோனில் இருக்கிறேன். இப்போது எச்.சி.ஜி.க்கு மாறுவதா, பம்ப் வைத்துக்கொள்வதா?" எச்.சி.ஜி. என்பது விதையை வேலை செய்ய வைக்கும் ஊசி, பம்ப் என்பது மூளையின் ஹார்மோனை விட்டுவிட்டுக் கொடுக்கும் கருவி.

மூளையிலிருந்து வரவேண்டிய ஹார்மோன் வராததால் பருவமே தொடங்காத குறை ஒன்று உண்டு, நானும் அந்தக் குறையோடு பிறந்தவன்தான். 16 வயதில் என்னைப் பார்த்த மருத்துவர், "சில பையன்களுக்கு லேட்டாகத்தான் வரும்" என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஏழு வருஷம் நான் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. அந்த ஏழு வருஷம் இன்னொரு பையனுக்குப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உடம்பில் நடப்பது என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். மூளையின் அடியில் இருக்கிற ஹைபோதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அது போய்ப் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தட்டினால், பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடும். எல்.எச். விதையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். எஃப்.எஸ்.எச். விதையிலுள்ள செர்டோலி செல்களைப் பெருக்கி, விந்தணு உண்டாக வழிசெய்யும். எங்களுக்கு முதல் தட்டே விழுவதில்லை. விதை பெரும்பாலும் வேலைக்குத் தயாராகத்தான் இருக்கிறது, அதை எழுப்ப ஆளில்லை. ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்பு செல்கள், கருவில் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் போகின்றன. அந்தப் பயணம் வழியில் நின்றுவிட்டால் பருவமும் வராது, வாசனையும் தெரியாது. அதற்குப் பெயர் கால்மன் நோய்க்குறி. இந்த இரண்டும் சேர்ந்தே வருவதை ஸ்பானிய மருத்துவர் ஒருவர் 1856-இலேயே பிரேதப் பரிசோதனையில் கவனித்தார். அது குடும்பங்களில் தொடர்கிறது என்று 1944-இல் காட்டியவர் ஃபிரான்ஸ் கால்மன். வாசனை நன்றாகத் தெரிந்து, பருவம் மட்டும் வராதவர்களும் உண்டு. பின்லாந்தில் எடுத்த கணக்கின்படி, ஏறக்குறைய 30,000 ஆண்களில் ஒருவருக்குக் கால்மன் நோய்க்குறி இருக்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது

டெஸ்டோஸ்டிரோன், எச்.சி.ஜி., பம்ப் என்ற மூன்று வழிகளையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம். குரல், மீசை, தசை, எலும்பு, ஆசை என்று உடம்பில் வரவேண்டிய மாற்றம் வருமா? விதை வளர்ந்து விந்தணு வருமா? எவ்வளவு காலம் பிடிக்கும்? ஊசி, பணம், சோதனை, அலைச்சல் என்று எவ்வளவு சுமை? பிறகு மனம் மாறினால் வேறு வழிக்குப் போக முடியுமா?

எல்லாரும் முதல் இரண்டைக் கேட்கிறார்கள். ஐந்தாவதைக் கேட்டவர்களுக்குத்தான் நிம்மதி கிடைக்கிறது. அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

அதற்கும் முன்னால்: காத்திருப்பதா, சோதிப்பதா?

விதை 14 வயதிலும் 4 மி.லி.க்குக் குறைவாக இருந்தால் பருவம் தாமதம் என்று பெயர். அப்படித் தாமதமாகும் பையன்களில் பெரும்பாலானவர்கள், அப்பாவைப் போலவோ தாய்மாமாவைப் போலவோ தாமதமாக வளர்ந்து, அப்புறம் தானாகவே சரியாகிவிடுகிறவர்கள். அதனால்தான் மருத்துவர்கள் "காத்திருங்கள்" என்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அளக்காமல் காத்திருக்கக் கூடாது.

அளப்பதற்கு ஒரு மணிமாலை இருக்கிறது. பிராடர் என்ற மருத்துவர் பெயரில் வழங்குவது. ஒரு கயிற்றில் 12 நீள்வட்ட மணிகள், 1 மி.லி.யில் தொடங்கி 25 மி.லி. வரை. மருத்துவர் ஒரு கையால் விதையையும் மறு கையால் மணியையும் தொட்டு, எந்த மணி ஒத்துப்போகிறது என்று பார்ப்பார். 1 முதல் 3 வரை என்றால் பருவம் தொடங்கவில்லை. 4 என்றால் தொடங்கிவிட்டது. 15-க்கு மேல் வளர்ந்த ஆணுக்குரிய அளவு. எனக்கு அதை முதன்முதலில் வைத்துப் பார்த்தபோது வயது 23. இரண்டாவது மணியிலேயே மருத்துவரின் கை நின்றுவிட்டது. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோன அந்தச் சோதனையை 16-இல் செய்திருந்தால் என் கதையே வேறு.

கீழே இருப்பவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து:

- பிறந்தபோதே விதை கீழே இறங்காமல் இருந்தது, அல்லது ஆணுறுப்பு மிகச் சிறியதாக இருந்தது
- வாசனை தெரியாது
- ஒரு கையை அசைத்தால் மறு கையும் தானாக அசைகிறது
- ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது, உதட்டுப் பிளவு, காது கேளாமை
- குடும்பத்தில் யாருக்காவது இதே குறை
- தலைவலி, பார்வைக் குறைவு (இது பிட்யூட்டரிக் கட்டியாகவும் இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும்)

வாசனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிறவியிலேயே அது தெரியாதவனுக்கு, தெரியவில்லை என்பதே தெரியாது. "வாசனை தெரியுமா?" என்று கேட்டால் "தெரியும்" என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேஸ் கசிந்து வீட்டில் எல்லாரும் வெளியே ஓட, நான் மட்டும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடச் சொல்லி, சோப்பையோ காப்பித்தூளையோ மூக்கருகே வைத்துக் கேளுங்கள். வாசனை தெரியவில்லை என்றால், வீட்டில் கேஸ் கசிவைக் காட்டும் அலாரமும் புகை அலாரமும் வைத்துவிடுங்கள்.

சோதனை என்றால் காலையில் எடுக்கும் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், இன்ஹிபின் பி (செர்டோலி செல்கள் சுரக்கும் ஹார்மோன்), கையெலும்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் தலைக்கு எம்.ஆர்.ஐ., வயிற்று ஸ்கேன், குரோமோசோம் சோதனை. எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் அதிகமாக இருந்தால் கோளாறு விதையில்தான். கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோம் இருக்கும் கிளைன்ஃபெல்டர் நோய்க்குறி அதில் முக்கியமானது. அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் ஒப்பீடு பொருந்தாது. எழுப்பும் ஹார்மோன் அவர்களுக்கு ஏற்கனவே நிறைய இருக்கிறது, எச்.சி.ஜி. கொடுத்துப் பயனில்லை.

சிக்கல் எங்கே என்றால், தாமதமாக வளரும் பையனுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் 15 வயதில் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் ஒரே மாதிரி குறைவாகத்தான் இருக்கும். இன்ஹிபின் பி மிகக் குறைவாக இருந்தால் எங்கள் பக்கம் சாயும், ஆனாலும் அது மட்டும் தீர்ப்பல்ல. அதனால் நடுவழி ஒன்று இருக்கிறது: மாதம் ஒருமுறை 50 மி.கி. அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மூன்று முதல் ஆறு மாதம். பிறகு நிறுத்திவிட்டு விதையை அளக்க வேண்டும். தாமதமாக வளரும் பையன் என்றால் விதை தானே வளரத் தொடங்கும். எங்களைப் போன்றவன் என்றால் அதே மணியில் நிற்கும். பள்ளியில் கேலிக்கு ஆளாகி ஒடுங்கிப் போயிருக்கும் பையனுக்கு, வெறுமனே காத்திருப்பதைவிட இதுவே மேல் என்று நினைக்கிறேன். 18 தாண்டிய பிறகும் "லேட்டாக வரும்" என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த முதல் மூன்று மாதங்களில் ஆண் குழந்தைக்கு இந்த ஹார்மோன்கள் பருவ வயதைப் போலவே ஒருமுறை உயர்ந்து, ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். விதை இறங்காமல், ஆணுறுப்பும் மிகச் சிறியதாகப் பிறந்த குழந்தைக்கு அப்போதே இரத்தம் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அதைத் தவறவிட்டால் பருவ வயது வரை காத்திருக்க வேண்டியதுதான். இறங்காத விதைக்கான அறுவை சிகிச்சையையும் ஒன்றரை வயதுக்குள் முடித்துவிட வேண்டும்.

வழி 1: டெஸ்டோஸ்டிரோன்

உடம்புக்கு வரவேண்டிய ஹார்மோனை வெளியிலிருந்து நேராகக் கொடுப்பது. குரல் உடையும், மீசை வரும், தசை கூடும், எலும்பு உறுதியாகும். சிறு அளவில் தொடங்கி, இரண்டு மூன்று வருஷத்தில் வளர்ந்த ஆணுக்கான அளவுக்குக் கொண்டுபோவார்கள்.

பழைய ஊசி, வளர்ந்தவர்களுக்கு 250 மி.கி., மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. மலிவு, எங்கும் கிடைக்கும். மறைந்திருக்கும் விலை மனசில் தெரியும். போட்ட முதல் வாரம் உலகையே தூக்கிவிடலாம் போலிருக்கும், மூன்றாவது வாரம் யார் பேசினாலும் எரிச்சல் வரும். என் வீட்டில் தேதி பார்க்காமலே அடுத்த ஊசி எப்போது என்று சொல்லிவிடுவார்கள். நீண்ட நாள் வேலை செய்யும் 1,000 மி.கி. ஊசியில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு, 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று போதும். ஆனால் 4 மி.லி. கெட்டி எண்ணெய். புட்டத்தில் மெதுவாக, இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் வலி, சிலருக்கு உடனே இருமல். ஜெல் தினமும் பூசுவது, ஊசி இல்லை. அதன் ஆபத்து வேறு மாதிரி: பூசிய தோள் காயாமல் குழந்தையைத் தூக்கினால் மருந்து குழந்தைக்கும் ஒட்டும். பூசியதும் கை கழுவி, சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். எந்த வடிவமானாலும் இரத்தத்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் ஹெமட்டோகிரிட்டை அவ்வப்போது பார்க்க வேண்டும். 54 சதவீதம் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள்.

இது செய்யாத வேலை ஒன்று: விதையை வளர்க்காது, விந்தணுவைக் கொடுக்காது. வெளியே முழு ஆணாகத் தெரிந்தாலும், விதை சின்னதாகவே இருக்கும். சிலருக்கு அது பெரிய மன வருத்தம், அதைச் சின்ன விஷயம் என்று யாரும் தள்ளக் கூடாது.

சரி, அந்த அம்மாவின் பயம் நியாயமா? ஹார்மோன் ஒழுங்காகச் சுரக்கும் ஓர் ஆண், உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் போட்டால், மூளை "போதும்" என்று எல்.எச்.சையும் எஃப்.எஸ்.எச்.சையும் நிறுத்திவிடும், விந்தணு குறைந்துபோகும். அந்தப் பேச்சு அங்கிருந்து வந்தது. எங்களுக்கு நிறுத்துவதற்கே ஒன்றும் இல்லை. முன்பு டெஸ்டோஸ்டிரோன் போட்டவர்களுக்கும் பின்னால் எச்.சி.ஜி.யும் எஃப்.எஸ்.எச்.சும் கொடுத்து விந்தணு வரவழைத்திருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். ஐந்தாவது கேள்விக்கு விடை இதுதான்: இன்று இதைத் தேர்ந்தால் நாளை மற்றதற்கு மாறலாம்.

வழி 2: எச்.சி.ஜி.யும் எஃப்.எஸ்.எச்.சும்

எச்.சி.ஜி. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன். விதைக்கு அது எல்.எச். மாதிரியே தெரியும். அதனால் விதை தானே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். தனியாக டெஸ்டோஸ்டிரோன் தேவையில்லை, உடம்பு மாற்றங்கள் எல்லாம் இதிலேயே வரும். கூடவே எஃப்.எஸ்.எச். கொடுத்தால் விதை வளர்ந்து விந்தணுவும் வரும். வழக்கமான அளவு: எச்.சி.ஜி. 500 முதல் 2,500 யூனிட், எஃப்.எஸ்.எச். 75 முதல் 150 யூனிட், இரண்டும் வாரம் இரண்டு மூன்று முறை, தோலுக்கடியில். ஆக வாரத்துக்கு நான்கு முதல் ஆறு குத்து. நீங்களே போட்டுக்கொள்ளலாம். இந்த எண்களை வைத்து நீங்களாக மருந்து வாங்காதீர்கள். இரத்தம் பார்த்துத்தான் அளவு வைப்பார்கள்.

இதில் கிடைக்கும் பலன் பெரிது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நான்கில் மூன்று பேருக்கு விந்தணு வந்திருக்கிறது. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும். விதையே வளர வேண்டியவனுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை பிடிக்கலாம். எண்ணிக்கையும் பெரும்பாலும் சாதாரண அளவைவிடக் குறைவாகவே நிற்கும். அதைப் பார்த்து உடைந்துபோக வேண்டாம், அந்தக் குறைந்த எண்ணிக்கையிலேயே இயல்பாகக் கரு உண்டாவது எங்களிடம் சகஜம். இல்லாவிட்டால், ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்சி சிகிச்சை இருக்கிறது. விந்தணு தென்பட்டதும் உறைய வைத்துச் சேமித்துவிடுங்கள். அடுத்த குழந்தைக்கு மறுபடி இரண்டு வருஷம் ஊசி போட வேண்டியிராது.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதைத் தொடங்கும்போதே ஓரளவு சொல்லிவிடலாம். விதை 4 மி.லி.க்கு மேல் இருந்தால், இறங்காத விதைப் பிரச்சினை இல்லாதிருந்தால், வாய்ப்பு அதிகம். 8 மி.லி. அளவுக்கு இருந்தால் எச்.சி.ஜி. மட்டுமே போதுமானதாகக்கூட இருக்கலாம். 4-க்கும் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நுணுக்கம் உண்டு: முதலில் சில மாதம் எஃப்.எஸ்.எச். மட்டும் கொடுத்து, அப்புறம் மற்றதைத் தொடங்குவது. எச்.சி.ஜி.யால் விதைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிட்டால் செர்டோலி செல்கள் முதிர்ந்து, பெருகுவதை நிறுத்திவிடும். அதற்கு முன்பே எஃப்.எஸ்.எச். கொடுத்து அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் நோக்கம். 2013-இல் வெளியான 13 பேர் கொண்ட ஆய்வில், அப்படி முன்கூட்டியே எஃப்.எஸ்.எச். பெற்ற 7 பேருக்கும் விந்தணு வந்தது. பெறாத 6 பேரில் 4 பேருக்கு வந்தது. சின்ன ஆய்வு, இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் என் மகனுக்கு இந்தக் குறை இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

மறைந்திருக்கும் விலை: எஃப்.எஸ்.எச். விலை உயர்ந்த மருந்து. ஃபிரிட்ஜ் வேண்டும், பயணம் போனால் ஐஸ் பெட்டி. எச்.சி.ஜி. அளவு கூடினால் மார்பு வீங்கும், முகப்பரு வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விந்துச் சோதனை, ஒவ்வொரு முறையும் "பூஜ்யம்" என்ற தாளை வாங்கிக்கொண்டு திரும்புவது. எனக்கு நான்கு தாள்களில் பூஜ்யம். ஐந்தாவதில் "ஆங்காங்கே சில" என்று இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வழி 3: ஜி.என்.ஆர்.எச். பம்ப்

இயற்கைக்கு மிக நெருக்கமானது இதுதான். கைக்கடக்கமான பம்ப், வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய குழாய், 90 முதல் 120 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு. விட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இடைவிடாமல் கொடுத்தால் பிட்யூட்டரி மரத்துப்போய் எல்லாமே அடங்கிவிடும். (புராஸ்டேட் புற்றுநோயில் இந்தத் தன்மையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.) இந்த ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த ஷாலியும் கியெமனும் 1977-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

விந்தணு கிடைக்கும் வாய்ப்பு இரண்டாவது வழியைப் போலத்தான், அதைவிடப் பெரிதாகக் கூடுதல் இல்லை. மார்பு வீக்கம் குறைவு. ஆனால் இராப்பகலாக உடம்பில் ஒட்டிய கருவி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாய் மாற்றம், குளிக்கும்போதும் தூங்கும்போதும் கவனம். பல நாடுகளில் மருந்தே கிடைப்பதில்லை. பிட்யூட்டரியே பழுதானவர்களுக்கு, அதாவது கட்டியோ அறுவை சிகிச்சையோ நடந்தவர்களுக்கு, இது வேலை செய்யாது. அனுபவமுள்ள மையம் அருகில் இருந்து, எச்.சி.ஜி. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இதை யோசிக்கலாம். மற்றபடி கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம்.

| | டெஸ்டோஸ்டிரோன் | எச்.சி.ஜி. + எஃப்.எஸ்.எச். | பம்ப் |
|---|---|---|---|
| உடம்பு மாற்றம் | வரும் | வரும் | வரும் |
| விதை வளர்ச்சி, விந்தணு | இல்லை | நான்கில் மூன்று பேருக்கு விந்தணு | ஏறக்குறைய அதே |
| காலம் | தொடர்ந்து | 6 மாதம் முதல் 2 வருஷம் | அதே |
| சுமை | குறைவு | வாரம் 4–6 ஊசி, செலவு அதிகம் | இராப்பகல் கருவி, கிடைப்பது அரிது |
| மாறலாமா | எப்போதும் | எப்போதும் | எப்போதும் |

யாருக்கு எது

குறை உறுதியான, விதை மிகச் சிறிய பையனுக்கு, குடும்பத்தால் செலவைத் தாங்க முடிந்து, பையனும் ஊசிக்குச் சம்மதித்தால், இரண்டாவது வழியிலேயே தொடங்கலாம். விதை வளர்வதைக் கண்ணால் பார்ப்பது அந்த வயதில் பெரிய தைரியம். ஊசி என்றாலே ஓடுகிற பையனை வற்புறுத்த வேண்டாம். டெஸ்டோஸ்டிரோனில் தொடங்கினால் எதுவும் கெட்டுப்போகாது.

20, 25 வயதில் முதன்முதலாகத் தெரிய வந்தவர்களுக்கு எலும்பு ஏற்கனவே மெலிந்திருக்கலாம். குழந்தை இப்போதைக்கு இல்லை என்றால் டெஸ்டோஸ்டிரோனை உடனே தொடங்குங்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுங்கள். எது சிறந்தது என்று யோசித்துக்கொண்டே ஒரு வருஷத்தைக் கழிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

குழந்தை வேண்டும் என்பவர்கள் "வேண்டும்" என்று தோன்றும்போது தொடங்கினால் தாமதம். இரண்டு வருஷம் முன்பே திட்டமிடுங்கள். மனைவியின் வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், அவரிடம் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மரபணு ஆலோசனையும் அப்போதே. பாதிப் பேருக்குத்தான் காரணமான மரபணு பிடிபடுகிறது, ஆனால் பிடிபட்டால் பயன் உண்டு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஏ.என்.ஓ.எஸ்.1 மரபணுவில் பழுது என்றால் உங்கள் மகனுக்கு அது போகாது. மகள் அதைச் சுமந்து, தன் மகனுக்குக் கொடுக்கலாம். எஃப்.ஜி.எஃப்.ஆர்.1 மரபணுவில் என்றால் மகனோ மகளோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எந்த வழியில் போனாலும் வருஷத்துக்கு ஒருமுறை அந்த மணிமாலையால் அளக்கச் சொல்லி, எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை, சிகிச்சைக்குப் பிறகு மூளை தானே விழித்துக்கொண்டு, ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. சிலருக்கு அது பிறகு மறுபடி அடங்குவதும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் விதையை வளர்க்காது என்று மேலே சொன்னேன் அல்லவா? டெஸ்டோஸ்டிரோனில் இருக்கும்போதே விதை இரண்டாவது மணியிலிருந்து ஆறாவது மணிக்குப் போயிருந்தால், அது மருந்து செய்த வேலையாக இருக்க முடியாது. அன்றைக்கு மருத்துவரிடம் சொல்லி, ஊசியைச் சில வாரம் நிறுத்திவிட்டு இரத்தம் பாருங்கள்.